வேலூர் வெயிலும் பித்தளைத் தோட்டாவும்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் தோட்டா நிறுவனங்கள் சில பெரிய வேட்டைத் தோட்டாக்களை இரண்டு விதமாக விற்றன. குளிர் நாட்டில் சுடுபவருக்கு ஒரு பெட்டி. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கப்பல் ஏறுபவருக்கு ‘டிராபிக்கல்’ என்று அச்சிட்ட இன்னொரு பெட்டி. இரண்டிலும் உறை ஒன்றுதான், குண்டும் ஒன்றுதான். வேறுபாடு வெடிமருந்தில். வெப்ப நாட்டுக்குப் போகும் தோட்டாவில் மருந்து சில கிரெய்ன் குறைவாக இருந்தது. கிரெய்ன் என்பது தோட்டாக்காரர்களின் பழைய எடை அளவு. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பதினைந்தரை கிரெய்ன்.

முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஸ்காட்லாந்தில் எதிரே நிற்பது மான். இங்கே எதிரே நிற்பது புலி, காட்டுமாடு, யானை. பெரிய விலங்கை எதிர்கொள்பவருக்குக் குறைந்த மருந்தை ஏன் கொடுத்தார்கள்?

வேலூர் மாவட்டத்து மே மாதத்தை அனுபவித்தவர்கள் விடையின் பாதியை ஊகித்துவிடலாம். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் கிடந்த பித்தளையைக் கையால் தொட முடியாது. லண்டன் குளிரில் அளந்து வைத்த மருந்து, அந்தச் சூட்டில் வேறு மருந்தாக நடந்துகொள்கிறது.

விடையின் மறுபாதிக்குத் தோட்டாவைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய வேட்டைத் தோட்டாக்கள் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தன, அவற்றை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், சுட்ட உறையில் மீண்டும் மருந்து நிரப்புவதில் என்ன ஆபத்து என்ற கேள்விகளுக்கும் அங்கேதான் பதில் இருக்கிறது. பேரணாம்பட்டின் மேற்கே உள்ள காடு ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயக் காட்டோடு சேர்கிறது. யானை நடமாடும் காடு அது. அங்கே வேட்டை என்பது இன்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தப் பழைய தோட்டாவுக்குள் இருக்கும் வேதியியலும் உலோகவியலும் தெரிந்துகொள்ளத் தக்கவை. தோல் பதனிடும் இந்த ஊர்களில் இருப்பவர்களுக்கு அதில் தனிப் பங்கும் உண்டு.

தோட்டாவில் நான்கு உறுப்புகள். பின்பக்கம் நடுவில் சிறு உலோகக் கிண்ணமாக உட்கார்ந்திருப்பது கேப். ஊசி அதன்மேல் அடித்ததும் பொறி கிளம்பும். பொறி உறைக்குள் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். மருந்து எரிந்து வாயுவாகி முன்னால் இருக்கும் குண்டைக் குழல் வழியே தள்ளும். இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு நான்காவது; அதைத் தோட்டா உறை என்போம். சுட்டபின் கேப்பும் மருந்தும் குண்டும் போய்விடும். உறை மட்டும் கையில் மிஞ்சும். அதில் புதிய கேப், புதிய மருந்து, புதிய குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதற்கு ‘மறுநிரப்பு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

மிஞ்சுவது உறை என்பதால் அதை வெறும் டப்பா என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டாவில் மிக நுட்பமான வேலை அதனுடையது. சைக்கிள் பம்பைக் கழற்றிப் பார்த்தவர்கள் அதன் தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷரைக் கண்டிருப்பார்கள். பம்பை அழுத்தும்போது உள்ளே அடைபடும் காற்று அந்தத் தோலின் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கிறது. காற்று எவ்வளவு திமிறுகிறதோ அவ்வளவு இறுக்கமாக வாஷர் ஒட்டும். அழுத்தம் தணிந்ததும் தோல் சற்றே சுருங்கி வழிவிடும். பித்தளை உறை செய்வதும் இதே வேலைதான். மருந்து எரியும் ஒரு நொடிப்பொழுதில் உறையின் மெல்லிய கழுத்தும் சுவரும் விரிந்து, தோட்டா உட்காரும் துப்பாக்கி அறையின் எஃகோடு ஒட்டிக்கொள்கின்றன. வாயு பின்னால் கசிந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் காப்பது அந்த ஒட்டல். குண்டு வெளியேறியதும் உறை மயிரிழை சுருங்கும். அந்த மயிரிழை இடைவெளி இருந்தால்தான் வெற்று உறையை வெளியே இழுக்க முடியும்.

இப்போது அழுத்தம் அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பித்தளை தன் மீள்திறனைத் தாண்டி விரிந்துவிடும். சுருங்க வேண்டிய அளவு சுருங்காது. உறை அறைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். காயம்பட்ட விலங்கு எதிரே நிற்கும்போது வேட்டைக்காரரால் அடுத்த தோட்டாவைப் போட முடியாது. வெப்ப நாடுகளில் அன்றைய வேட்டைக்காரர்கள் மிகவும் அஞ்சிய கோளாறு இதுதான். இரட்டைக்குழல் ரைபிளில் இது இன்னும் மோசம். போல்ட் ரைபிளில் பூட்டைத் திருப்பி இழுக்கும் நெம்புவிசை கிடைக்கும். இரட்டைக்குழலில் உறையைக் கிளப்பிவிடச் சிறு கொக்கி மட்டுமே உண்டு.

அழுத்தம் ஏன் மீறுகிறது? பழைய கரிமருந்தில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த அந்த மருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே நிற்கும். புகையும் கசடும்தான் அது. 1870களில் ஆண்ட்ரூ நோபிளும் பிரெடரிக் ஏபலும் மூடிய எஃகுக் கலத்தில் கரிமருந்தை எரித்து இதை அளந்து காட்டினார்கள். வாயுவாகும் பங்கு குறைவு என்பதால், வேகம் வேண்டுமென்றால் மருந்தை அதிகம் அடைக்க வேண்டும். உறையும் பெரிதாக வேண்டும்.

அதே ஏபல் ஜேம்ஸ் டூவருடன் சேர்ந்து 1889இல் கார்டைட்டை உருவாக்கினார். நைட்ரோகிளிசரினையும் பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய வெடிபஞ்சையும் கரைப்பானில் குழைத்து, கொஞ்சம் வாசலின் சேர்த்து, மெல்லிய தண்டுகளாகப் பிழிந்தெடுத்த மருந்து. புகை மிகக் குறைவு. எரிந்தபின் ஏறக்குறைய முழுவதும் வாயு. பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டா 1888இல் வந்தபோது அதில் ஏறக்குறைய 70 கிரெய்ன் கரிமருந்தை இறுக்கி அடைத்தார்கள். 1891இல் கார்டைட்டுக்கு மாறியபோது 30 கிரெய்ன் அளவே போதுமானதாக இருந்தது, அதுவும் முன்பைவிடக் கூடுதல் வேகத்தோடு. எடை பாதிக்கும் குறைவு, வேலை அதிகம். எந்தப் பாடநூல் விளக்கத்தைவிடவும் இந்த இரண்டு எண்கள் கார்டைட்டின் வலிமையைத் தெளிவாகச் சொல்கின்றன.

கார்டைட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடி உறவு உண்டு. குன்னூரை அடுத்த அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை அமைந்தது. நீலகிரி மலை ரயிலில் போகிறவர்கள் இன்றும் அருவங்காடு நிலையத்தைக் கடக்கிறார்கள். இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களுக்கான மருந்து அங்கிருந்து போனது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

புகையில்லா மருந்து மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. ஒரு தண்டின் வெளித்தோல் எரிய, அந்த வெப்பம் அடுத்த அடுக்கைச் சூடாக்க, அது சிதைந்து எரிய, இப்படியே நெருப்பு உள்ளே நகர்கிறது. அடுத்த அடுக்கு எரியத் தொடங்க ஒரு குறிப்பிட்ட சூட்டை எட்ட வேண்டும். தோட்டா ஏற்கெனவே வெயிலில் காய்ந்திருந்தால் அந்தச் சூட்டை எட்டக் குறைந்த வெப்பமே போதும். ஆகவே நெருப்பு வேகமாக உள்ளே நகரும்.

இது மட்டும் என்றால் சிறு மாற்றத்தோடு போயிருக்கும். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. மருந்து எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தும் கூடும். வேகமாக எரிந்தால் வாயு விரைவில் சேர்ந்து அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். குண்டு குழலில் முன்னேறி இடத்தை விரித்துக் கொடுப்பதால்தான் இந்தச் சுழல் கட்டுக்குள் நிற்கிறது. தொடக்கத்தில் ஏற்படும் சிறு மாற்றம் உச்ச அழுத்தத்தில் பெரிய மாற்றமாக முடிவது இதனால்தான். இவை எல்லாம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்தில் நடந்து முடிகின்றன.

இரட்டைக்குழல் ரைபிளில் வெயில் இன்னொரு வேலையும் செய்யும். அதன் இரண்டு குழல்களும் இணையாக இருப்பதில்லை. சுட்டதும் துப்பாக்கி உதைத்துத் திரும்பும். குண்டு குழலுக்குள் இருக்கும்போதே அந்தத் திரும்பல் தொடங்கிவிடும். அதை ஈடுகட்ட இரண்டு குழல்களையும் முன்னால் சற்று நெருக்கி வைத்து, சுட்டுச் சுட்டுப் பார்த்துப் பற்றவைப்பார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குத்தான் அந்த நெருக்கம் பொருந்தும். வெயிலில் குண்டு வேகமாக வெளியேறினால், திரும்பல் முடிவதற்கு முன்பே அது போய்விடும். இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடாது. மருந்தைக் குறைத்த டிராபிக்கல் தோட்டா, உறை இறுகாமலும் காத்தது, குழல்கள் பிரிந்து சுடாமலும் காத்தது. வேலூர் வெயிலில் அந்தக் குறைந்த மருந்து, குளிர் நாட்டு முழு மருந்தின் வேலையைச் செய்தது. வேட்டைக்காரர் எதையும் இழக்கவில்லை.

மருந்தைக் குறைப்பது ஒரு வழி. உறையைப் பெரிதாக்குவது இன்னொரு வழி. அதே அளவு வாயு பெரிய இடத்தில் இருந்தால் உச்ச அழுத்தம் குறையும். லண்டன் ரிக்பி நிறுவனம் 1911இல் கொண்டுவந்த .416 தோட்டா இதற்கு நல்ல சான்று. ஏறக்குறைய 26 கிராம் எடையுள்ள குண்டை வினாடிக்குச் சுமார் 2400 அடி வேகத்தில் செலுத்தும் தோட்டா அது. 1988இல் அமெரிக்க ரெமிங்டன் நிறுவனம் கொண்டுவந்த .416 தோட்டாவும் ஏறக்குறைய அதே குண்டை அதே வேகத்தில் செலுத்துகிறது. உறை மட்டும் சிறியது. ஐரோப்பியத் தர அமைப்பு ரிக்பிக்கு வகுத்த உச்ச அழுத்த வரம்பு 3250 பார். ரெமிங்டனுக்கு 4300 பார். கடல்மட்டக் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார் என்பதை வைத்து இந்த எண்களைப் பாருங்கள். வேலை ஒன்றே. பழைய தோட்டா ஆயிரம் பார் மிச்சம் வைத்துக்கொண்டு அதைச் செய்கிறது.

பழைய தோட்டாவின் பருமனைத் தொழில்நுட்பப் பின்தங்கல் என்று எழுதுபவர்கள் உண்டு. அது தவறு. அந்த வெற்றிடம் வெயிலுக்கு விட்ட இடம். சூடான நாளில் அழுத்தம் ஏறினாலும் பித்தளையின் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று தெரிந்தே வைத்த இடம். ஒருவர் இன்று பழைய தோட்டா வகையைத் தேர்ந்தெடுத்தால் அவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது இந்த மிச்சத்தைத்தான்.

இந்தியாவில் தோட்டாத் தேர்வை அறிவியலோடு சட்டமும் தீர்மானித்தது. ராணுவத் தோட்டா வெளியே கசிந்து தங்களுக்கு எதிராகத் திரும்பக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கவலைப்பட்டது. 1907 வாக்கில் .450 அங்குல விட்டமுள்ள துப்பாக்கிகளுக்கு இந்தியாவில் தடை வந்தது. அந்த அளவுக் குண்டுகள் பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தக்கூடும் என்ற அச்சம் காரணம். உடனே ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470, .475 என்று சற்றே விலகிய அளவுகளுக்கு மாறின. விலங்குக்கு அந்த வேறுபாடு ஒன்றுமில்லை.

.303 இன்றும் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. அதன் இடத்தில் உரிமம் பெற்றவர்களுக்குக் கிடைப்பது .315. கொல்கத்தா அருகே இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலை செய்யும் இந்த ரைபிளின் இயக்கமுறை லீ என்ஃபீல்டு ராணுவ ரைபிளைச் சேர்ந்தது. தோட்டாவின் மூலம் ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவம் 1890இல் ஏற்ற 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டா. ஐரோப்பாவில் அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட ஒரு தோட்டா இந்தியாவில் மட்டும் நடப்பில் இருப்பதற்கு, அது நம் ராணுவத் தோட்டாவோடு பொருந்தாது என்பதே காரணம்.

இவ்வளவு நேரம் அழுத்தம், வேகம் என்று பேசினோம். கண்ணுக்குத் தெரியாத, ஆயிரத்தில் ஒரு வினாடியில் முடிந்துபோகும் ஒன்றை எப்படி அளந்தார்கள்? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தமிழ் மண்ணில் முடிந்த ஒரு வாழ்க்கையோடு அது தொடங்குகிறது.

1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி பேரணாம்பட்டுக்குப் பக்கத்து ஊரான ஆம்பூரில் நடந்த போரில், யானைமேல் இருந்து படையை நடத்திய ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். கர்நாடகப் போர்களின் போக்கையே மாற்றிய குண்டு அது. அந்தக் குண்டு என்ன வேகத்தில் வந்திருக்கும் என்று சொல்லக்கூடிய மனிதர் அன்று உலகில் மிகச் சிலர். அவர்களில் முதல்வரான பெஞ்சமின் ராபின்ஸ் அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகச் சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தார். கம்பெனியின் கோட்டைகளைப் பலப்படுத்துவது அவர் வேலை. 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார்.

ராபின்ஸ் 1742இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கருவி மிக எளியது. கனமான மரப்பலகை ஒன்றைத் தொங்கவிட்டார். குண்டு அதில் பாய்ந்து புதைந்ததும் பலகை பின்னோக்கி ஊசலாடும். பலகையோடு கட்டிய நாடா எவ்வளவு நீளம் இழுபட்டது என்று பார்த்தால் ஊசல் எவ்வளவு உயரம் போனது என்று தெரியும். குண்டின் எடையும் பலகையின் எடையும் முன்பே தெரியும். மிக வேகமான சிறு பொருளின் இயக்கத்தை மெதுவான பெரிய பொருளிடம் ஒப்படைத்து, நிதானமாக அளந்துவிட்டார். வினாடிக்கு 1600 அடிக்கு மேல் என்று அவருக்கு விடை வந்தது. பலகையைத் தூரத் தூர நகர்த்தி வைத்து அளந்தபோது, காற்று குண்டின் வேகத்தை எவ்வளவு கடுமையாகக் குறைக்கிறது என்பதும் தெரியவந்தது. அதுவரை கணித அறிஞர்கள் பலர் காற்றின் தடையைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றே எண்ணியிருந்தார்கள். கணித மேதை ஆய்லர் அந்த நூலை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவான உரையும் எழுதினார்.

அழுத்தத்தை அளக்க இன்னும் நூறு ஆண்டு ஆனது. துப்பாக்கி அறையின் பக்கவாட்டில் துளை போட்டு, அதில் சிறு உலக்கை ஒன்றை வைத்து, அதற்கு மேல் சிறிய செம்பு உருளையை நிறுத்தினார்கள். சுட்டதும் வாயு உலக்கையைத் தள்ளும், செம்பு நசுங்கும். எவ்வளவு நசுங்கியது என்பதை அளந்து, தெரிந்த எடைகளால் நசுக்கிய உருளைகளோடு ஒப்பிட்டால் அழுத்தம் கிடைக்கும். பழைய ஆங்கிலத் தோட்டாப் பட்டியல்களில் ‘சதுர அங்குலத்துக்கு இத்தனை டன்’ என்று இருப்பவை எல்லாம் இப்படிச் செம்பு சொன்ன கணக்குகள்.

ஆனால் செம்பு நசுங்கவும் நேரம் வேண்டும். அழுத்தம் உச்சத்தில் நிற்கும் நேரம் அதைவிடக் குறைவு. ஆகவே செம்பு உச்சத்தை முழுமையாகப் பதிவதில்லை. சற்றுக் குறைத்தே சொல்லும். பின்னாளில் அழுத்தத்துக்கு ஏற்ப மின்னூட்டம் தரும் படிகங்களைக் கொண்டு அளந்தபோதுதான் அழுத்தத்தின் முழு ஏற்ற இறக்கமும் கோடாகத் தெரிந்தது. பழைய அளவையும் புதிய அளவையும் ஒரே பெருக்கலால் மாற்றிக்கொள்ள முடியாது. பழைய நூலில் உள்ள எண்ணை எடுத்து இன்றைய மருந்துக்குப் பொருத்துகிறவர் இந்த இடத்தில்தான் முதலில் வழுக்குவார்.

மறுநிரப்பில் இன்னும் சில வழுக்கல்கள் உண்டு. கார்டைட் தண்டுகளை .303 உறையில் வைத்த பிறகுதான் தொழிற்சாலையில் உறையின் கழுத்தையே சுருக்கினார்கள். அந்த மருந்தை வீட்டு மேசையில் திரும்ப நிரப்ப வழியில்லை. வேறு மருந்துக்கு மாற வேண்டும். அந்த வேறு மருந்தின் துகள் வடிவம் வேறு, எரியும் போக்கு வேறு. பெரிய பழைய உறையில் அது கொஞ்ச இடத்தையே நிரப்பும். துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்தால் மருந்து கேப்பின் பக்கம் சரியும். கீழ்நோக்கிப் பிடித்தால் குண்டின் பக்கம் போகும். ஒரே அளவு மருந்து, இரண்டு நிலையில் இரண்டு விதமாகப் பற்றும். வெயிலுக்கு விட்ட அதே வெற்றிடம் இங்கே தலைவலியாகிறது.

சுட்ட உறையைப் பார்த்தே அழுத்தத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கேப் தட்டையாகிவிட்டதா, அடிப்பக்கம் பளபளக்கிறதா என்று பார்ப்பார்கள். பித்தளை இப்படிக் குறி காட்டத் தொடங்கும் அழுத்தம், நவீன ரைபிளின் எஃகு எளிதில் தாங்கக்கூடியது. பழைய இரட்டைக்குழலோ மிகக் குறைந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. பித்தளை புகார் சொல்வதற்கு முன்பே அந்தத் துப்பாக்கியின் பூட்டு தன் எல்லையைத் தாண்டியிருக்கும். கண்ணால் பார்த்து ஊகிப்பதை நான் அளவீடு என்று ஏற்க மாட்டேன்.

உறைக்கும் ஆயுள் உண்டு. பித்தளையில் நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது துத்தநாகம். சுடும்போது விரிந்து, மறுநிரப்பும்போது அச்சில் நெரிபட்டு, மீண்டும் விரிந்து என்று வளைபட வளைபடப் பித்தளை இறுகி உடையும் தன்மை பெறும். கழுத்தில் நெடுக்காக விரிசல் விழுவது அதனால்தான். கழுத்தை மட்டும் சூடாக்கி ஆறவிட்டால் உலோகப் படிகங்கள் புதிதாக ஒழுங்குபட்டு மென்மை திரும்பும்.  அந்தச் சூடு அடிப்பகுதிக்கு ஏறிவிட்டாலோ உறை பாழ். அடிப்பகுதி இறுக்கமாக இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும்.

இன்னும் ஆபத்தானது வெளியே தெரியாத ஒன்று. லீ என்ஃபீல்டு இயக்கத்தில் போல்ட்டைப் பூட்டும் கொம்புகள் பின்பக்கம் இருக்கின்றன. சுடும்போது போல்ட் சற்றே நெகிழும். உறையின் முன்பாதி அறைச் சுவரில் ஒட்டியிருக்க, பின்பாதி பின்னால் இழுபடும். இடைப்பட்ட பித்தளை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலியும். அடியிலிருந்து விரல் அகலம் மேலே, வெளிப்புறத்தில் மெல்லிய பளபளப்பான வளையமாக அது தோன்றும். உள்ளே கம்பியை வளைத்துவிட்டுத் தடவினால் நுனி ஒரு பள்ளத்தில் தட்டும். அந்தப் பள்ளம் இருந்தால் அடுத்த முறை உறை இரண்டாகப் பிரியும். தோல் வாஷர் கிழிந்த பம்பைப்போல, வாயு பின்னால் வரும்.

பழைய கேப்களும் தீங்கு செய்தன. அவற்றில் இருந்த பாதரசக் கலவை எரிந்ததும் பாதரசம் விடுபட்டுப் பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்கவைத்தது. கரிமருந்துக் காலத்தில் ஏராளமான கசடு அந்தப் பாதரசத்தைத் தன்னோடு கொண்டுபோய்விட்டது. புகையில்லா மருந்து வந்தபின்தான் உறைகள் விளக்கமில்லாமல் உடையத் தொடங்கின. பொட்டாசியம் குளோரேட் இருந்த கேப்கள் குழலில் உப்பை விட்டுச்சென்றன. உப்பு ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர் கரைக்கும். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் கூடாரம் திரும்பியதும் கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்றியது இதற்காகத்தான்.

இனி தோல் ஊர்க் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம் ஒரு புதிரைச் சந்தித்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள், யாரும் தொடாமலேயே கழுத்தில் விரிசல் விட்டன. உலர்ந்த இடத்தில் வைத்த அதே தோட்டாக்கள் நன்றாக இருந்தன. பருவத்தோடு வந்ததால் ‘பருவ விரிசல்’ என்றே அதற்குப் பெயர் ஆனது. காரணம் தெளிவாகப் பல காலம் ஆயிற்று. 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் அதை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. மழைக்கால ஈரத்தில் அது கரைந்து பித்தளைமேல் படிகிறது. அம்மோனியா செம்போடு சேர்ந்து கரையக்கூடிய நீலச் சேர்மம் உண்டாக்கும். பள்ளி ஆய்வகத்தில் அந்த ஆழ்ந்த நீலத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். இதனால் மட்டும் விரிசல் வராது. கழுத்தைச் சுருக்கிச் செய்தபோது உலோகத்தில் தங்கிப்போன இழுவிசையும் சேர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் படிகங்களின் எல்லைகள் வழியே விரிசல் ஓடும்.  செய்து முடித்த உறையை மிதமான சூட்டில் வைத்து இழுவிசையைப் போக்கினால் விரிசல் நின்றுவிடும் என்பது அவர்கள் கண்ட தீர்வு.

தோல் பதனிடும் இடத்தில் நின்றவர்களுக்கு அம்மோனியாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முடி நீக்கச் சுண்ணாம்பில் ஊறவைத்த தோலிலிருந்து பிறகு அந்தச் சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் உப்புகளைச் சேர்ப்பார்கள். சுண்ணாம்பும் அம்மோனியம் உப்பும் சேர்ந்தால் அம்மோனியா வாயு வெளியேறும். டிரம்மைத் திறந்ததும் கண்ணில் அறைவது அதுதான். அந்தக் காற்று படும் இடத்தில் இழுவிசை தங்கிய எந்தப் பித்தளைப் பொருளும், குழாய் இணைப்பானாலும் வால்வானாலும், இதே விரிசலுக்கு ஆளாகலாம்.

பதனிட்டு முடித்த தோலும் பித்தளைக்கு நண்பன் அல்ல. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலால் செய்த தோட்டா வாரில் பல காலம் இருந்த உறையை உருவிப் பாருங்கள். வார் தொட்ட இடத்தில் மட்டும் மெழுகுபோல் பச்சைக் களிம்பு வளையமாக ஒட்டியிருக்கும். தோலில் தேய்த்த புங்க எண்ணெயின் கொழுப்பு அமிலங்களும் பட்டையின் துவர்ப்புப் பொருள்களும் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்று உண்டாக்கிய களிம்பு அது. களிம்பைத் துடைத்தால் அடியில் பித்தளை அரித்துக் குழிந்திருக்கும். அமெரிக்க ராணுவ அதிகாரி ஆன்சன் மில்ஸ் தோல் வாரை விட்டுவிட்டு நெய்த துணி வாருக்கு மாறியதற்கு இந்தக் களிம்புதான் காரணம். உலகத்துக்குத் தோல் அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்: தோட்டாவைத் தோலில் சேமிக்கக் கூடாது.

பழைய வீடுகளில், தாத்தா காலத்துப் பெட்டியில், களிம்பேறிய தோட்டாக்கள் இன்றும் அகப்படுவதுண்டு. பார்க்க நன்றாக இருக்கும் உறை உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். பல பத்து மே மாதங்களைப் பரணில் கழித்த கார்டைட் மெல்லச் சிதைந்திருக்கலாம். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து வெப்பத்தில் கெடும்போது வெளிவிடும் அமிலப் புகை, மிச்ச மருந்தையும் கெடுக்கும். ஆகவே அந்தத் தோட்டாக்களைத் துடைக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம், அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம், சுட்டுப் பார்க்கவே வேண்டாம். உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம், மறுநிரப்பும் தயாரிப்புதான். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக்கூட விவசாயி தானே சுட முடியாது, வனத்துறை வழியாகத்தான் எதுவும் நடக்க வேண்டும். உரிமம் வைத்திருந்த பெரியவர் காலமாகிவிட்டால், அவருடைய துப்பாக்கியையும் தோட்டாவையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. பெட்டியில் அப்படி ஏதாவது இருந்தால், அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.